சொல்வது கேட்பதில்லை, கவனிக்கவும்

நாற்பது பேர் பேச வந்தாலும் நாற்பது பேரையும் நேரத்துக்குள் முடிக்க வைக்கும் வல்லமை வாய்ந்த தலைவர், இப்பள்ளியின் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே. அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, இந்த மனிதன் இன்று எதைச் சொல்லி வைக்கப் போகிறானோ என்ற கவலையைப் புன்னகையால் மூடிக்கொண்டிருக்கும் நான்காம் வகுப்பு ஆசிரியை அவர்களே. வாசலையும் வாசல் கடக்கும் பிள்ளைகளையும் ஒருசேரக் காக்கும் காவலர் அண்ணன் அவர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே. வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் வியர்வைச் சட்டையோடு வந்து சுவரோரம் சாய்ந்து நிற்கும் தந்தையரே. பேரப்பிள்ளைகளுக்காக முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே. இத்தனை பேரையும் இங்கே இழுத்து வந்துவிட்டு, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று காலை ஆட்டிக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே: உங்கள் ஒவ்வொருவருக்கும் என் பணிவான வணக்கத்தை முன்வைக்கிறேன்.

ஒலிபெருக்கி அமைத்திருக்கும் அண்ணன் அங்கிருந்து கையை ஆட்டுகிறார். சத்தம் அதிகமாம். அண்ணே, தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவியை யாரும் கண்டுபிடிக்காமலே இருந்திருந்தாலும் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

நான் வேலை பார்ப்பது தகர டப்பா செய்யும் ஆலையில். வட்ட வட்டமாக மூடி அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பதினாறு வருடங்களாக நிற்கிறேன். நிமிடத்துக்கு எழுபது மூடி, மூடிக்கு ஓர் இடி. அங்கே பேச்சு கிடையாது, கத்தல்தான். கத்தலும் எட்டாத தூரத்துக்குக் கைச்சாடை. கட்டைவிரலைத் தூக்கினால், தகடு வரட்டும் என்று பொருள். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை இறக்கிக் காட்டினால், வேகத்தைக் குறை என்று பொருள். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் சங்கு. ஆலைச் சங்கு பழுதானால் இவனைக் கூரையில் ஏற்றிவிடலாம் என்பார்கள். தொழிற்சங்கக் கூட்டம் என்றால் முதலில் மேடையேற்றுவதும் என்னைத்தான். ஏற்றுவார்கள், இறக்கத்தான் படாதபாடு படுவார்கள்.

அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, பள்ளியும் வீடும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பற்றிப் பேசு என்கிறார்கள். ஏன் என்னை? நாவன்மை இருக்கிறது என்பதாலா? இல்லை. தமிழ் தெரியும் என்பதாலா? இல்லவே இல்லை. பேசத் தெரிந்த இந்த வாய்க்குப் பக்கத்தில், கேட்கத் தெரியாத இரண்டு காதுகள் இருந்தன. அந்தக் காதுகளால் என் மகளின் காதுகள் போக இருந்தன. போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முன்வரிசையில் ஒரு அம்மா இப்போதே முந்தானையைக் கையில் எடுத்துவிட்டார். அம்மா, அது வேண்டாம். பிள்ளை நன்றாக இருக்கிறாள். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். நான் இன்று நிற்பது நிம்மதியில் நிற்பது. ஆனால் இந்த நிம்மதி எனக்குச் சும்மா வரவில்லை.

உங்கள் எல்லார் வீட்டிலும் அந்தப் பழுப்பு அட்டை டைரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு கட்டம், தீப்பெட்டி அளவு. இரண்டு வரி எழுதலாம்; மூன்றாம் வரிக்கு மூச்சு முட்டும். அதற்குக் கீழே 'பெற்றோர் கையொப்பம்'. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே அந்தத் தீப்பெட்டிதான் பாலமாக இருந்தது.

பள்ளி திறந்து ஏழாவது வாரம், அந்தக் கட்டத்தில் ஆசிரியை எழுதியிருந்தார், "சொல்வது கேட்பதில்லை. கவனிக்கவும்."

மூன்றே சொற்கள். உங்களிடம் கேட்கிறேன், இதற்கு என்ன பொருள்? அதோ அந்த ஐயா சொல்கிறார், பிள்ளை அடங்கவில்லை என்று. பக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுகிறார். வாருங்கள், என் கட்சிக்கு ஆள் சேர்கிறது. நானும் அப்படித்தான் படித்தேன். சொல்வதைக் கேட்பதில்லை என்று படித்தேன். ஆனால் அந்த அம்மையார் 'சொல்வதை' என்று எழுதவில்லை. 'சொல்வது' என்றுதான் எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஓர் 'ஐ'. பள்ளியில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தோமே, இரண்டாம் வேற்றுமை உருபு, அந்த ஐ. அது தாளில் இல்லை. அதை என் கோபம் போட்டுக்கொண்டது. அந்த ஓர் ஐயால் என் வீட்டில் விழுந்தது ஐயோ.

'சொல்வது கேட்பதில்லை' என்றால், பேசுவது அவள் காதில் விழவில்லை என்று பொருள். அந்த ஆசிரியை இலக்கணப் பிழை இல்லாமல் எழுதினார். நான் பிழையோடு படித்தேன்.

சரி, அடுத்த சொல்லுக்கு வாருங்கள். 'கவனிக்கவும்.' அவர் நினைத்தது, மருத்துவரிடம் காட்டுங்கள், அக்கறையாகப் பாருங்கள் என்று. ஆனால் நம் பேச்சில் ஒருவனைக் காட்டி, "அவனைக் கொஞ்சம் கவனி" என்றால் என்ன அர்த்தம்? சிரிக்கிறீர்கள். தெரிந்திருக்கிறது.

அன்று மாலையே கவனித்தேன்.

"வகுப்புல சொன்னா கேட்க மாட்டியா?" என்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை என் வாயையே பார்த்தாள். "கேட்கலப்பா" என்றாள்.

"என்ன துணிச்சல் இருந்தா கேட்கலைன்னு என்கிட்டயே சொல்லுவ?"

"நிஜமாவே கேட்கலப்பா."

அன்பர்களே, அந்தப் பிள்ளை சொன்னதைவிட நேரான ஒரு வாக்கியம் உண்டா? நோயைச் சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, அவளுக்கு மிகவும் பிடித்த வண்ணப் பெட்டியை எடுத்து அலமாரி மேல் வைத்தேன்.

வீட்டில் உங்களுக்குத் தெரியாமலா போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். என் வீட்டில் நான் பேசுவது எங்கள் தெருமுனைக்கும் கேட்கும். என்னோடு பதினோரு வருடம் வாழ்ந்ததில் என் மனைவியும் உரக்கப் பேசப் பழகிவிட்டாள். எங்கள் சத்தத்தில் பிள்ளைக்குக் காது மந்தம் என்பது எங்கே தெரியும்? எந்த இரைச்சலைக் குறைபாடு என்று ஊரே கேலி செய்ததோ, அந்த இரைச்சல் குறைபாட்டை மறைத்தது.

என் மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். பள்ளி நடக்கும் நேரத்தில் அவளால் நகர முடியாது. அவள் மட்டும் சொன்னாள், "ஒரு எட்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாங்களேன்."

"எழுதியிருக்கறது தெளிவாத்தானே இருக்கு. இதுல போய் என்ன கேட்கறது?" என்றேன் நான்.

அதோடு விட்டேனா? அழகான கையெழுத்தில் பதில் வேறு எழுதினேன், "கவனித்துவிட்டேன். இனி கேட்பாள்."

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். இப்போது நானும் சிரிக்கிறேன். அந்தப் பதிலை ஆசிரியையின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். மருத்துவரிடம் காட்டிவிட்டார்கள், பிள்ளைக்குக் காது சரியாகிவிட்டது. அவர் என்ன செய்வார்? காது கேட்காத பிள்ளை என்று கரும்பலகைக்கு எதிரே முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தவர், இனி தேவையில்லை என்று, உயரமான பிள்ளையாயிற்றே என்று, கடைசிப் பெஞ்சுக்கு மாற்றினார். தவறு என்று சொல்வீர்களா? அப்பனே எழுதிக் கொடுத்திருக்கிறான் அல்லவா?

கடைசிப் பெஞ்சில் அவளுக்கு ஆசிரியையின் உதடும் தெரியவில்லை. முதல் பெஞ்சில் இருந்தவரை உதட்டைப் பார்த்துப் பாடம் எழுதியிருக்கிறாள். இப்போது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாள். அதற்குப் பெயர் காப்பி அடிப்பது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அதற்குப் பெயர் அலட்சியம். மூன்று வாரம் கழித்து இரண்டாம் குறிப்பு வந்தது, "இப்போதும் கேட்பதில்லை."

முதலில் நான் அவளை அடங்காதவள் என்று நினைத்தேன். ஆசிரியை காது கேட்காதவள் என்று நினைத்தார். இப்போது என் பதிலைப் படித்துவிட்டு அவரும் அடங்காதவள் என்று நினைக்கத் தொடங்கிவிட்டார். பள்ளியும் வீடும் ஒரு வழியாக ஒத்துப்போனோம், ஐயா. எதில் ஒத்துப்போனோம்? பிள்ளை மேல் பழி போடுவதில் ஒத்துப்போனோம்.

நானும் எழுதினேன், "மறுபடியும் கவனித்தேன்."

இந்த முறை நான் கவனித்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேடையில் நின்று ஆயிரம் பேர் வெட்கங்கெட்டதைத் தட்டிக் கேட்டவன், என் வெட்கத்தையும் நானே சொல்வதுதான் முறை. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அறிவிப்பு கொடுக்காத வேலைநிறுத்தம். காலையில் எழுப்ப மாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். அவள் அப்பா என்று வந்தால், செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். மனைவியோடு பேச வேண்டியதையும் சமையலறைக்குள் போய், பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கிய குரலில் பேசினேன். ஒரு வாரம் அப்படி.

யாரோ "பாவம்" என்கிறீர்கள். ஆமாம் அம்மா. பாவம்தான் செய்தேன்.

எட்டாம் நாள் தலைமையாசிரியை அம்மையாரின் கையெழுத்தில் வந்தது மூன்றாம் குறிப்பு, "நேரில் வரவும்." அதில் எந்த உருபையும் சேர்த்துப் படிக்க முடியவில்லை. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். எப்படிப் போனேன் தெரியுமா? நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போவதைப் போல, மனதில் மூன்று அம்சக் கோரிக்கை எழுதிக்கொண்டு போனேன்.

ஆசிரியர் அறையில் ஒரு மின்விசிறி. அது கடகடவென்று ஓடுகிறது. எதிரே நான்காம் வகுப்பு ஆசிரியையான இந்த அம்மையார். இவர் குரல் உங்களுக்குத் தெரியும். பூட்டிய அறையில் பேசினால் பூட்டுக்கே கேட்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். அவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. எனக்கோ பதினாறு வருடம் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்திய காது. நான் முன்னால் சாய்ந்து, "கேட்கல டீச்சர்" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். "உங்களுக்குமா?" என்றார். இது மட்டும் நன்றாகக் கேட்டது.

"உங்களுக்குமான்னா? வேற யாருக்கு?"

"உங்க பொண்ணுக்கு. ஒரு மாசமா அதைத்தானே எழுதிட்டு இருக்கேன்."

"நீங்க கேட்பதில்லைன்னுதானே எழுதினீங்க?"

"ஆமா. கேட்பதில்லை."

மூன்று அம்சக் கோரிக்கையில் ஓர் அம்சமும் நினைவில் இல்லை.

பிள்ளையைக் கூப்பிட்டு வந்தார்கள். மேசையில் ஒரு தாளைக் கொடுத்து, படம் வரை என்றார் ஆசிரியை. அவள் குனிந்து வரையத் தொடங்கினாள். ஆசிரியை அவள் பின்னால் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "உன் பேனா கீழ விழுந்திருச்சு பாரு" என்றார். அவள் வரைந்துகொண்டே இருந்தாள். இன்னொரு முறை சொன்னார். வரைந்துகொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என் குரலில், இந்த ஆலைக் குரலில், அதையே சொன்னேன். சட்டென்று திரும்பித் தரையைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேனா விழவில்லை என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவள் ஏன் சிரித்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சலவை நிலையத்துக்கு அவரே தொலைபேசியில் சொல்லி என் மனைவியை வரவழைத்தார். அன்று பிற்பகலே காது மருத்துவரிடம் போனோம். வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இந்த அம்மையாரும் கூட வந்தார். மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்தார், ஏதேதோ ஒலி எழுப்பிச் சோதித்தார். பிறகு பிள்ளையிடமே கேட்டார். அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். "எப்ப இருந்தும்மா சரியாக் கேட்கல?"

அவள் சொன்னாள், "சளி பிடிச்சுச்சே, அப்ப இருந்து. டீச்சர் பேசறது கேட்காது. அம்மா பேசறது கொஞ்சம் கேட்கும். அப்பா பேசறது மட்டும் நல்லாக் கேட்டுட்டு இருந்துச்சு. போன வாரத்துல இருந்து அதுவும் கேட்கறதில்ல."

புரிகிறதா, அன்பர்களே? நான் பேசுவதை நிறுத்தியது அவளுக்குத் தெரியாது. காது முழுதாகப் போய்விட்டது, அப்பா குரலும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். ஒரு வாரம் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து போயிருக்கிறாள். ஆசிரியர் அறையில் என் குரல் கேட்டதும் ஏன் சிரித்தாள் என்று அங்கே, அந்த மருத்துவரின் அறையில், எனக்குப் புரிந்தது. நான் அழுதேன். சத்தமில்லாமல் அழ எனக்குத் தெரியாது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக் கெட்டியாகியிருந்தது, இரண்டு பக்கமும். "இன்னும் இப்படியே விட்டிருந்தீங்கன்னா செவிப்பறையே கெட்டுப்போயிருக்கலாம். இப்பவாவது வந்தீங்களே" என்றார் மருத்துவர். அந்த 'இப்பவாவது' என்ற சொல்லில்தான் நான் இன்றும் மூச்சு விடுகிறேன். மயக்கம் கொடுத்து, நீரை எடுத்து, கடுகளவு ஒரு குழாயை உள்ளே வைத்தார்கள். மறுநாள் வெளியே நடந்து வரும்போது, நடைகூடத்தில் சட்டென்று நின்றாள். தன் காலைப் பார்த்தாள். இரண்டடி நடந்தாள். மறுபடி நின்றாள். "அப்பா, என் செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா?" என்றாள். அன்றைக்கு அந்த நடைகூடத்தை எத்தனை முறை சுற்றினோம் என்று கணக்கில்லை. செருப்புச் சத்தம் கேட்பதற்காக ஒரு குடும்பமே நடந்தது.

நன்றி, நன்றி. கைதட்டலை அவளுக்குக் கொடுங்கள்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பொருள் பாருங்கள். வினவுவதும் கேட்பதுதான். செவியில் வாங்குவதும் கேட்பதுதான். பணிவதும் கேட்பதுதான். நாம் என்ன செய்தோம்? மூன்றாவதை மட்டும் பிள்ளைகளிடம் எதிர்பார்த்தோம். முதல் இரண்டையும் நாம் செய்யவில்லை. பள்ளி வீட்டைக் கேட்கவில்லை. வீடு பள்ளியைக் கேட்கவில்லை. எழுதினார்கள், எழுதினேன்; கையெழுத்துப் போட்டோம், கடமை முடிந்தது என்றோம். தாள் போனது, தாள் வந்தது. பேச்சு போகவில்லை, பேச்சு வரவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அந்த டைரியைத் தினமும் முதுகில் தூக்கிக்கொண்டு போனதும் வந்ததும் யார்? அவள்தானே? அனுப்பியவருக்குத் தெரியாதது, வாங்கியவனுக்குப் புரியாதது, சுமந்தவளுக்குத் தெரியும். அவளை யாராவது கேட்டோமா? அவளைப் பற்றி எழுதினோம், அவளைக் கொண்டே அனுப்பினோம், அவளை மட்டும் கேட்கவில்லை.

இதோ நம் காவலர் அண்ணன். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் சொல்கிறார், "உங்க பொண்ணு மணி அடிச்சா நகராதுங்க. மத்த பிள்ளைங்க ஓடறதைப் பார்த்துட்டுத்தான் ஓடும்." ஏன் அண்ணே முன்னாடியே சொல்லலை என்றேன். "யாரும் கேட்கலையே" என்றார். தலை குனிகிறார் பாருங்கள். குனிய வேண்டியது நீங்கள் இல்லை, அண்ணே. நான்.

இந்தப் பள்ளி திருந்தியது. நானும் திருந்தினேன். யார் முதலில் என்று போட்டி வேண்டாம். இப்போது அந்தத் தீப்பெட்டிக் கட்டம் முழுப் பக்கமாகிவிட்டது. அது பெரிதல்ல. குறிப்பு எழுதினால் அந்த வாரத்துக்குள் குரலாலும் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அதுதான் பெரிது. வேலைக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்காக, மாதம் ஒரு மாலை இந்த மண்டபத்தைத் திறந்து வைக்கிறார்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலி. ஆசிரியருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. அந்த மூன்றாவது நாற்காலியைக் கேட்டு வாங்கியவன் இந்தச் சங்கு. என் தொழிற்சங்க வாழ்க்கையில் வென்ற கோரிக்கைகளில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, ஒரு குறிப்பு வந்தால் கோபத்தோடு படிக்காதீர்கள். அந்தக் கோபம், தாளில் இல்லாத உருபையும் சேர்த்துப் படிக்கும். புரிந்தாலும் கேளுங்கள். புரியவில்லை என்றாலும் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, நாங்கள் கத்துவோம், முரண்டுவோம், மூன்று அம்சத்தோடு வருவோம். பொறுத்துக்கொண்டு எங்களைக் கேளுங்கள். எல்லாரும் சேர்ந்து அந்த மூன்றாவது நாற்காலியைக் கேளுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம், அம்மா.

என் மகள் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறாள் தெரியுமா? அவளாகவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் மாற்றவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொன்னாள், "நீங்க மெதுவாப் பேசுங்கப்பா. எனக்குக் கேட்கும்." ஒலிபெருக்கி அண்ணே, இதைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம், அன்பு கூர்ந்து. நான் பதினாறு வருடமாகப் பேசாத குரலில் ஒன்று பேசப் போகிறேன்.

அம்மாடி, அப்பா பேசறது கேட்குதா?

கையைத் தூக்கிவிட்டாள். பார்த்தீர்களா, தூக்கிவிட்டாள். இல்லை, என்னவோ சாடை காட்டுகிறாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, இரண்டு முறை இறக்கிக் காட்டுகிறாள். இது எங்கள் ஆலைச் சாடை. இதுவே அதிகமாம், இன்னும் குறைக்கச் சொல்கிறாள்.

குறைத்துக்கொள்கிறேன், தாயே. இடம் தந்த தலைவருக்கும், என் மகளைக் கைவிடாத ஆசிரியைக்கும், நேரில் போய்க் கேட்கச் சொன்ன என் மனைவிக்கும், இவ்வளவு நேரம் இந்தச் சத்தத்தைத் தாங்கிய உங்கள் அனைவருக்கும், கேட்டதற்கு நன்றி. வணக்கம்.